தூரமிருந்து கற்பவன் கடமை



ஒரு வியாபாரியின் நேர்மையை அறிய விரும்புகிறவர், வாடிக்கைக்காரர் கண் விழித்து நிற்கும்போது அவன் தராசு பிடிக்கும் விதத்தைப் பார்த்துப் பயனில்லை. சிறு பிள்ளை காசைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்து நிற்கும்போது, கண் மங்கிய கிழவி வந்து நிற்கும்போது, அவன் எப்படி நிறுக்கிறான் என்று பார்க்க வேண்டும். இது நம் தொழிலில் யாவரும் அறிந்த உண்மை. இதே உண்மையைக் கல்வி விஷயத்திலும் வைத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கிறது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

இப்பொழுது நம்மவரிடையே தொலைதூரக் கல்வியைப் பற்றிய பேச்சு அதிகமாயிருக்கிறது. கரங்கானிலும் மாஹாங்கிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும், அக்கடைகளில் வேலை பார்க்கும் வாலிபர்களும், ஏன், நரை கண்ட சில முதலாளிமாரும்கூட, வீட்டிலிருந்தபடியே படித்து ஒரு டிப்ளோமாவோ பட்டமோ பெறலாமா என்று விசாரிக்கிறார்கள். எதில் சேரலாம், எவ்வளவு வெள்ளி செலவாகும், எத்தனை வருஷம் ஆகும் என்பவையே அவர்கள் கேட்பவை. அவசியமான கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. பள்ளிக்கூடக் கட்டடம் இல்லை, மணியடிப்பார் இல்லை, பிரம்பெடுத்து நிற்கும் வாத்தியார் இல்லை. அப்படியிருக்க, அறையில் தனியே உட்கார்ந்து படிப்பவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? இதற்கு விடை தெரிந்தால் மற்றவற்றுக்கு விடை காண்பது சுலபம்.

இது புதுமையா?

தூரமிருந்து கற்பது இணையம் வந்த பிறகு முளைத்த புதுமை என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்தவுடனேயே, ஐசக் பிட்மன் என்பவர் தபால் மூலம் சுருக்கெழுத்துக் கற்பித்தார். மாணவர் எழுதி அனுப்புவார். பிட்மன் திருத்தித் திருப்பி அனுப்புவார். 1858இல் லண்டன் பல்கலைக் கழகம், கல்லூரிக்கு வந்து படிக்காதவர்களும் தன் பரீட்சைகளை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக் கழகம் 1971லும், அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979லும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. நம் நாட்டிலோ, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம் 1971லேயே வெளிவளாகப் படிப்பை ஆரம்பித்தது. வேலையை விடாமல் வீட்டிலிருந்து படித்த அம்மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை வளாகத்துக்கு வந்து தங்கி ஆசிரியர்களை நேரில் கண்டார்கள். பிறகு 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும், 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட பினாங்கு வவாசான் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் வந்தன.

நம் மார்க்கக் கல்வியிலோ இந்த விஷயம் இன்னும் பழையது. ஹதீஸ் கலை ஓதிய ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆசிரியரிடமிருந்து மாணவன் ஒரு செய்தியைப் பெறும் வழிகளை அக்கலை வல்லார் எட்டாக வகுத்திருக்கிறார்கள். 1245இல் மறைந்த இமாம் இப்னு ஸலாஹ் அவர்களின் நூலிலும் இந்த வகைப்பாடு இருக்கிறது. ஆசிரியரின் வாயிலிருந்து நேரே கேட்பது முதல் வழி. தூரத்திலுள்ள மாணவனுக்கு ஆசிரியரே எழுதி அனுப்புவது ஒரு வழி. அதற்கு முகாதபா என்று பெயர். யாரோ எழுதிய ஏடு எப்படியோ கையில் கிடைத்து, எழுதியவரோடு தொடர்பேதுமின்றி அதைப் படிப்பது இன்னொரு வழி. அதற்கு விஜாதா என்று பெயர். இந்த இரண்டிலும் ஆசிரியர் எதிரே இல்லை. இருந்தும் முகாதபாவை ஏற்றுக்கொண்டவர்கள் பலர். விஜாதாவையோ எட்டில் கடைசியாக வைத்தார்கள். ஏன்? முகாதபாவில் ஆசிரியருக்கு மாணவன் யாரென்று தெரியும். இன்னாருக்கு இதைக் கொடுக்கிறேன் என்று பொறுப்பேற்றுக் கொடுக்கிறார். விஜாதாவில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை.

ஆகவே தூரம் ஒரு குற்றமன்று. மறுமொழி இல்லாமையே குறை. ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் முதலாவதாக இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். நான் எழுதி அனுப்புவதை ஒரு மனிதர் படிப்பாரா? தவறிருந்தால் தவறு என்று சொல்லித் திருப்புவாரா? சந்தேகம் கேட்டால் பதில் வருமா? எத்தனை நாளில் வரும்? பரீட்சையை எங்கே, யார் முன்னிலையில் எழுத வேண்டும்? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லும் ஸ்தாபனம் முகாதபா நடத்துகிறது. பணத்தைக் கட்டுங்கள், பாடங்களைக் கைப்பேசியில் அனுப்பிவிடுகிறோம், பட்டம் நிச்சயம் என்று மட்டும் சொல்வது விஜாதாவைவிடத் தாழ்ந்தது.

முத்திரையும் எடையும்

பட்டம் எதற்கு, அறிவல்லவா முக்கியம் என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அறிவு எதற்கு, பட்டம் இருந்தால்தானே உத்தியோகம் என்று சொல்லும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் நம் கடைப் படிக்கல்லைக் கவனித்தால் போதும். அதன்மேல் அரசாங்க முத்திரை இருக்கிறது. அந்த முத்திரையால் கல்லின் எடை ஒரு குன்றிமணியளவும் கூடுவதில்லை. ஆயினும் நம்மை அறியாத அந்நியரும் நம் கடையில் நம்பிச் சாமான் வாங்குவது அந்த முத்திரையைப் பார்த்துத்தான். எனவே சான்றிதழைத் தேடுவது இழிவான செயலன்று. அதேசமயம், உள்ளே குடைந்து எடை குறைத்த கல்லின்மேல் முத்திரையிருந்தால், அது முத்திரையே இல்லாத கல்லைவிடக் கேடானது. முத்திரையில்லாத கல்லைக் கண்டால் ஜனங்கள் ஜாக்கிரதையாயிருப்பார்கள்; இதைக் கண்டு ஏமாந்து போவார்கள்.

இமாம் கஸ்ஸாலி அவர்களின் வாழ்க்கையை எழுதியவர்கள் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்கள். வாலிபப் பருவத்தில் அவர் படித்துக் குறிப்பெடுத்த ஏடுகளைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் அவற்றைப் பறித்துக்கொண்டனர். ஏடுகளை மட்டுமாவது திருப்பித் தரும்படி அவர் கெஞ்சியபோது, பறித்துக்கொண்டால் போய்விடுகிற கல்வி என்ன கல்வி என்று கொள்ளையர் தலைவன் நகைத்தானாம். ஏடுகள் திரும்பக் கிடைத்த பின், இமாம் மூன்று வருஷம் உட்கார்ந்து அத்தனையையும் மனத்தில் ஏற்றிக்கொண்டார். நம் சான்றிதழைப் பற்றியும் இப்படிக் கேட்டுக்கொள்ளலாம்: சுவரில் மாட்டிய அந்தச் சட்டத்தை யாரேனும் எடுத்துக்கொண்டு போய்விட்டால், நம்மிடம் என்ன மிஞ்சும்?

முத்திரையைச் சோதிக்கும் வழியும் நம் நாட்டில் சுலபம். 2007இல் அமைந்த மலேசியத் தகுதிகள் நிறுவனம், அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது. நாம் சேரப்போகும் அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாயகத்துப் பல்கலைக் கழகத்தில் சேர நினைப்பவர்கள், அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்பை அங்குள்ள பல்கலைக் கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதித்திருக்கிறதா என்றும், அப்பட்டம் இந்நாட்டில் நாம் நாடும் வேலைக்குச் செல்லுமா என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒரு மூட்டை வெங்காயம் வாங்கும்போது கோணியைப் பிரித்து உள்ளே கைவிட்டுப் பார்க்கிற நாம், பல ஆயிரம் வெள்ளி கட்டும்போது விளம்பரத்தை மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டலாமா?

எதைப் படிப்பது?

பக்கத்துக் கடைக்காரர் மகன் நிர்வாகம் படிக்கிறான் என்பதற்காக நாமும் அதையே படிப்பது, பக்கத்துக் கடையில் குடை விற்கிறதென்று நாமும் குடை வாங்கி அடுக்குவது போலாகும். நம் தேவை எது, நம்மால் முடிவது எது என்று பார்க்க வேண்டும். 2015 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. வரி வந்தபோது நம்மில் எத்தனையோ பேர் தம் கடைக் கணக்கையே தாம் படிக்கத் தெரியாமல் பிறரிடம் ஏட்டைக் கொடுத்துவிட்டு நின்றார்கள். 2018இல் அந்த வரி போய்ப் பழைய விற்பனை வரி திரும்பியது. 2024 ஆகஸ்டிலிருந்து மின்னியல் விலைப்பட்டியல், பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக வரத் தொடங்கியது. நாற்பது வயதுக் கடைக்காரர் ஒருவர் கணக்கியலில் ஒரு சிறு சான்றிதழ்ப் படிப்பைப் படித்தால், அதனால் அவருக்கு உத்தியோகம் கிடைக்காது. ஆனால் தம் கணக்கைத் தம் கண்ணால் பார்க்கும் சுதந்திரம் கிடைக்கும். அது சிறிய லாபமா?

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் வழியுண்டு. தொழிலில் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் ஏப்பெல் என்னும் முறை நம் நாட்டில் இருக்கிறது. சான்றிதழ்ப் படிப்புக்கு 19 வயதும், டிப்ளோமாவுக்கு 20 வயதும், இளங்கலைப் பட்டத்துக்கு 21 வயதும் நிரம்பி, தொடர்புள்ள வேலை அனுபவமும் இருந்தால் இம்முறையில் மனுச் செய்து, அதற்குரிய மதிப்பீட்டில் தேற வேண்டும். மூன்றாம் படிவத்தோடு நின்று பத்து வருஷமாகக் கல்லாப்பெட்டியில் உட்கார்ந்தவனுக்கு இது திறந்த கதவு. ஆனால் இங்கே முதலாளிமாருக்கும் ஒரு சோதனை இருக்கிறது. அனுபவச் சான்று எழுதித் தரச் சொல்லி நம் கடைப் பையன் வந்து நிற்பான். இரண்டு வருஷம் வேலை பார்த்தவனுக்கு ஐந்து வருஷம் என்று எழுதுவது உதவியன்று. அவனுடைய படிப்பின் முதல் வரியையே பொய்யால் தொடங்கி வைப்பதாகும்.

பார்ப்பவர் இல்லாதபோது

இப்பொழுது முதற் கேள்விக்கு வருவோம். தனியே படிப்பவனுக்குப் பெரிய சோதனை சோம்பல் என்று பலர் சொல்வார்கள். சோம்பலைவிடப் பெரிய சோதனை ஏமாற்றுவது எளிதாயிருப்பதுதான். ஒரு கட்டுரைக்கு இவ்வளவு வெள்ளி என்று விலை பேசி எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவும் வேண்டாமென்றால் செயற்கை நுண்ணறிவு என்னும் கணினிப் பொறியே நொடிப் பொழுதில் எழுதித் தருகிறது. விளங்காத பாடத்தை அப்பொறியிடம் கேட்டு விளங்கிக்கொள்வது வேறு. பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளையிடம் கேட்பது போன்றது அது. ஆசிரியர் அதற்கு இடங் கொடுத்தால் தவறில்லை. ஆனால் பொறி எழுதியதன்மேல் தன் பெயரைப் போட்டு அனுப்புவது, பிறர் சரக்கில் தன் சீட்டை ஒட்டி விற்பதே.

"இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? நான் பணம் கட்டினேன், நான் பட்டம் வாங்குகிறேன்" என்று ஓர் இளைஞர் கேட்கக்கூடும். நஷ்டப்படுகிறவர்கள் மூவர். அந்தப் பட்டத்தை நம்பி வேலை கொடுப்பவர் முதலாமவர். இரவெல்லாம் கண்விழித்து அதே பட்டத்தை உண்மையாக வாங்கியவர் இரண்டாமவர். தபாலில் வாங்கிய பட்டந்தானே என்று உலகம் அவரை இளக்காரமாகப் பார்ப்பதற்குக் காரணம், பொய்யாக வாங்கியவர்களே. மூன்றாமவர் அந்த இளைஞரேதாம். கடைக்காரன் வாடிக்கைக்காரரை ஏமாற்றினால் காசாவது கைக்கு வருகிறது. தனியே படிப்பவனோ தானே விற்பவன், தானே வாங்குபவன். தராசை எந்தப் பக்கம் சாய்த்தாலும் குறைவது அவன் பையில்தான்.

"சொல்வது சரி, ஆனால் கண்காணிப்பு இல்லாமல் ஒழுங்காகப் படிக்க நம்மால் ஆகுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. இது நியாயமான கேள்வி. வெளிநாடுகளிலிருந்து இலவசமாக வரும் இணையப் பாடங்களில் சேருகிறவர்களில் பெரும்பான்மையோர் முடிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை. ஆனால் சகோதரர்களே, நம்மைப் பற்றி நாம் அறிந்த வேறோர் உண்மையும் உண்டு. ரமலானில், மாலையில் நோன்பு திறப்பதற்காக மத்தியானமே அடுப்பேற்றிக் கஞ்சி காய்ச்சும் நம் சாப்பாட்டுக்கடைக்காரரைப் பாருங்கள். நெருப்பின் முன் நிற்கிறார், நா வறள்கிறது. பின்னறையில் குளிர்ந்த பானங்கள் அடுக்கியிருக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டால் பார்ப்பவர் யாருமில்லை. அவர் குடிப்பதில்லை. ஒரு நாளல்ல, ஒரு மாதம் குடிப்பதில்லை. எந்த இன்ஸ்பெக்டரும் அவரைச் சோதிக்க வரவில்லை.

தனியே கற்பதற்கு வேண்டிய மூலதனம் இதுதான். பார்ப்பவர் இல்லாத அறையில் தனக்குத் தானே காவலாயிருக்கும் பழக்கத்தை ஏழு வயதிலும் எட்டு வயதிலும் நோன்பு பிடிக்கத் தொடங்கிய காலத்திலேயே நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். அதை வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் வெளியே எடுத்து, மற்றப் பதினொரு மாதமும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்காகவா அது நமக்குக் கொடுக்கப்பட்டது? ஆசிரியர் காணாவிட்டாலும் அல்லாஹ் காண்கிறான் என்பது நோன்புக்கு மட்டும் உரிய உண்மையன்றே! எனவே தனியே படிப்பவன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்ற கேள்விக்கு, தன்னைப் படைத்தவனுக்கும், தன்னை நம்பப்போகிறவர்களுக்கும், தனக்கும் என்பதே விடை.

முறையும் நாம் அறிந்ததுதான். ஸஹரோ இஷாவுக்குப் பின்னோ, ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு அதை மாற்றாதிருக்க வேண்டும். கடை அடைக்குமுன் பேரேட்டை முடிப்பது போல, இன்று எதைப் படித்தேன், எது விளங்கவில்லை, யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒவ்வோர் இரவும் மூன்று வரி எழுத வேண்டும். விளங்கியதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் காட்ட வேண்டும். சொல்லத் தெரியவில்லையென்றால் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம். காலம் நீளுகிறதே என்று மனம் தளர வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடியே தபால் மூலம் சட்டம் படித்து, 1989இல், 70 வயதில், அந்நாட்டுப் பல்கலைக் கழகத்தின் சட்டப் பட்டம் பெற்றார்.

முதலாளியின் பங்கு

கடைசியாக ஒரு வார்த்தை. படிப்பவன் கடமையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. சில காலத்துக்கு முன் என் கடையில் வேலை பார்க்கும் வாலிபன் என்னிடம் வந்து, "முதலாளி, டிப்ளோமாவுக்கு எழுதிப் போடலாமென்று பார்க்கிறேன்" என்றான். "நல்லதுதான் தம்பி, எப்போது படிப்பாய்?" என்றேன். "கடை அடைச்ச பிறகு" என்றான். "கடை அடைக்கப் பத்தரை ஆகிறதே?" என்றேன். அவன் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தான். பதில் சொல்ல வேண்டியவன் அவனல்லன், நான்தான் என்று எனக்குத் தோன்றிற்று. "செவ்வாயும் வியாழனும் ஏழு மணிக்கே நீ போகலாம். சம்பளத்தில் பிடிக்க மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் உன்னைக் காற்பந்துத் திடலில் கண்டதாக யாராவது சொன்னால் அப்புறம் பேச்சு வேறு" என்றேன். சிரித்துக்கொண்டே, "சரி முதலாளி" என்றான்.

இதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "படித்துவிட்டு ஓடிப்போவானே, பாய்!" என்றார். போகட்டுமே! நம் சமூகத்தில் கடை வைத்தவர்களில் எத்தனை பேர் இன்னொருவர் கடையில் சிப்பந்தியாயிருந்து தொழில் கற்று வெளியே வந்தவர்கள்! ஒருவன் உயர்ந்து போவது கடைக்கு நஷ்டமென்றால், அந்த நஷ்டத்திலிருந்துதான் நம்மில் பலர் பிறந்தோம். இதே நியாயம் வீட்டிலும் செல்லும். நம் மனைவிமாரும் பெண்மக்களும் வீட்டை விடாமலே படிக்க இந்த வழி வசதியாயிருக்கிறது என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் வீட்டு வேலை முழுவதும் அவர்கள் தலையிலேயே இருக்குமானால், கதவைத் திறந்துவிட்டு வாசற்படியில் மூட்டைகளை அடுக்கி வைத்ததாகவே முடியும். பரீட்சை மாதத்தில் இரவுச் சமையலை நாம் ஏற்றுக்கொண்டால் நம் கௌரவம் குறைந்துவிடாது.

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் மண்டபம் பெரும்பாலான இரவுகளில் பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் இரண்டு இரவு அதைத் திறந்து, விளக்கும் இணையமும் நாலு மேஜையும் கொடுத்தால், தனித்தனியே படிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், விளங்காததைக் கேட்டுக்கொள்வார்கள். சான்றிதழுக்குச் சேருமுன் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல விஷயம் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால், பொய் ஸ்தாபனங்களிடம் நம் பிள்ளைகள் பணத்தை இழப்பதும் குறையும். செலவு கொஞ்சம், பலன் பெரிது. அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசி ஒரு முடிவுக்கு வருவார்களென்று நம்புகிறேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

— கரங்கான் கடைக்காரர் ஒருவர்